செம்மண்ணா, கோகோபீட்டா, கோகோ சிப்ஸா: வீட்டுக்குள் வளரும் செடிக்கு எந்தக் கலவை?

மணிபிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம், ஆந்தூரியம் என்று வரவேற்பறையில் நிற்கும் செடிகளில் பெரும்பாலானவை சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் சேம்பைப் போலச் சேற்றில் நிற்பவை அல்ல. காட்டில் இவற்றில் பல, மரத்தைப் பற்றி ஏறுபவை. வேர்கள் பட்டையின் இடுக்கிலும் மக்கிய சருகிலும் ஓடும். மழை கொட்டும், சற்று நேரத்தில் வடிந்துவிடும், பிறகு வேரைச் சுற்றி முழுக்கக் காற்றுதான். அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வீட்டுக்குள் வைக்கும் இந்தக் கூட்டத்துக்குக் கோகோ சிப்ஸை, அதாவது தேங்காய் மட்டைத் துண்டுகளை, அடிப்படையாகக் கொண்ட கலவைதான் சரி. மற்ற இரண்டும், அதாவது செம்மண்ணும் கோகோபீட் எனப்படும் தென்னை நார்த் தூளும், எங்கே தோற்கின்றன, எங்கே ஜெயிக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

விலையில் செம்மண்தான் மலிவு, கோகோ சிப்ஸ் கலவை கூடுதல். எடையில் நேர்மாறு: 12 லிட்டர் தொட்டியில் நனைந்த செம்மண் கிட்டத்தட்ட 20 கிலோ வரும், சிப்ஸ் கலவை அதில் பாதிகூட இருக்காது. இவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்பது நர்சரிகளில் புழங்கும் கணக்கு. மொட்டைமாடி மல்லிக்கும் செம்பருத்திக்கும் இதில் குறை சொல்ல முடியாது. வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துவிடும். வீட்டு மூலையில் அந்த வெயில் இல்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் நுண்ணிய களித்துகள் கீழே இறங்கி இடைவெளிகளை அடைக்கும். சில மாதங்களில் மண் இறுகும்; காயும்போது தொட்டிச் சுவரை விட்டு விலகும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்த விரிசல் வழியே நேராகத் தட்டுக்கு வந்துவிடும், நடுவில் மண் காய்ந்தே கிடக்கும். இதைச் சரிசெய்வதாக எண்ணி எம்-சாண்ட் கலப்பவர்கள், அதிலுள்ள கல்தூளைச் சலித்து நீக்காவிட்டால் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு கலவை எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது என்பதைவிட, வடிந்த பிறகு அதில் எவ்வளவு காற்று மிஞ்சுகிறது என்பதும், ஓராண்டு கழித்தும் அந்தக் காற்று மிஞ்சுமா என்பதும்தான் செடியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதோடு ஒப்பிட்டால், தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். துளைகள் எல்லாம் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத்திணறும். பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் பின்னால் வந்து சேரும். இலை மஞ்சளாகித் தொங்கியதும் ‘தண்ணீர் போதவில்லை’ என்று நினைத்து இன்னும் ஊற்றுவதுதான் வழக்கமாக நடப்பது.

எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் ஓர் ஈர அடுக்கு வடியாமல் தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு. துகள் சிறிதானால் அடுக்கு உயரம், பெரிதானால் குறைவு. அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கூடும் என்பது தவறு. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்து, வேருக்கான இடத்தைத்தான் குறைக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் குறைந்த அகலத் தொட்டியில் ஈரம் ஏன் அதிகம் தங்குகிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

கையிலுள்ள கலவையை வீட்டிலேயே சோதிக்கலாம். 1 லிட்டர் தொட்டியின் துளைகளை டேப்பால் அடைத்து, ஈரப்படுத்திய கலவையை விளிம்பு வரை நிரப்பி, மேற்பரப்பு பளபளக்கும் வரை மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து டேப்பை எடுத்து, வடியும் தண்ணீரை அளக்க வேண்டும். வடிந்த அளவுதான் உள்ளே புகுந்த காற்றின் அளவு. 100 மில்லிக்குக் கீழே என்றால் சேம்புக் குடும்பத்துக்கு ஆபத்து. 200 முதல் 300 வரை நல்லது. 350-ஐத் தாண்டினால் கோடையில் தினமும் தண்ணீர்க் குடத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

தனிக் கோகோபீட் தடுமாறுவது இங்கேதான். வாங்கிய புதிதில் பஞ்சுபோல இருக்கும். நாளாக ஆகத் துகள் மக்கித் தூளாகி அமுங்கும். மேலே காய்ந்து வெளுத்திருக்க, அடியில் சொதசொதவென்று இருக்கும். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்தே தண்ணீர் ஊற்றுபவர்கள் ஏமாறுவார்கள். பதியன் போடவும், விதை முளைக்கவும், பெரணி, கலாத்தியா போல ஈரம் விரும்புபவற்றுக்கும் கோகோபீட்டை அடித்துக்கொள்ள வேறில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் உப்பு. தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்பங்கழி நீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். வெறும் தண்ணீரில் அலசினால் கரைந்திருக்கும் உப்பு போகும், துகளில் ஒட்டியிருப்பது போகாது. அந்தத் துகள், ஒட்டியிருக்கும் உப்பை விட்டுவிட்டு, பின்னால் நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். புது இலை சுருங்கி, ஓரம் கருகி வரும். 650 கிராம் கட்டியை 5 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, ஒருமுறை அலசுங்கள். லேபிளில் ‘லோ ஈசி’, அதாவது உப்பு குறைவு, என்று போட்டிருந்தாலும் இதைச் செய்வதில் நஷ்டமில்லை.

சிப்ஸ் கலவையின் அளவு இது, எல்லாம் கன அளவில்: 1 முதல் 2 சென்டிமீட்டர் கோகோ சிப்ஸ் 4 பங்கு, மேலே சொன்னபடி ஊறவைத்த கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரிந்த, எடை குறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) 2 பங்கு, உடைத்த அடுப்புக்கரி 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. பெர்லைட் விலை உறுத்தினால் அரிசி ஆலையில் கிடைக்கும் உமிக்கரியைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையான உமிச்சாம்பல் காரத்தன்மை மிக்கது, வேண்டாம். சிப்ஸையும் இரவு முழுக்க ஊறவைத்து, டீ நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். காய்ந்த சிப்ஸை அப்படியே போட்டால் முதல் வாரம் தண்ணீர் அதன்மேல் ஒட்டாமல் ஓடும்.

செடி மாற்றும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. நர்சரியிலிருந்து களிமண் உருண்டையோடு வந்ததை அப்படியே சிப்ஸுக்குள் இறக்கிவிடுகிறார்கள். நடுவில் களி, சுற்றிலும் சல்லடை. தண்ணீர் சுலபமான வழியில் போய்விடும், உருண்டை காய்ந்து கிடக்கும், இல்லையேல் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, விரலால் மெல்லக் கரைத்தெடுங்கள். கோகோபீட் உருளையில் வந்த சிறு செடி என்றால் அதைச் சுற்றியுள்ள வலையைக் கத்தரித்து எடுக்க வேண்டும். வேர் தடித்தால் அது இறுக்கும்.

பராமரிப்பில் சிப்ஸ் கலவை கேட்பது இரண்டு. ஒன்று உணவு: இதில் சத்து மிகக் குறைவு. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் 15 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். கால்சியம் நைட்ரேட்டும் எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) வேண்டுமானால் வெவ்வேறு நாள்களில். செறிவாக ஒன்றாய்க் கரைத்தால் ஜிப்சமாகப் படிந்துவிடும். இரண்டு, கழுவுதல்: போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மாதம் ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை ஊற்றி வடியவிடுங்கள். மழைநீர் கிடைத்தால் உத்தமம். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீர் மட்டும் கூடாது. உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

இரண்டு முள் கொண்ட மலிவான ஈரமானியை இந்தக் கலவையில் நம்ப வேண்டாம்; துண்டுகளுக்கு நடுவே முள் சரியாகப் படியாது. மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பார்ப்பதோ, தொட்டியைத் தூக்கிக் கனம் பார்ப்பதோ போதும். மின்விசிறி ஓடும் அறையில் கோடைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கேட்கலாம். ஏசி அறை, இருட்டு மூலை, மண்தொட்டி என்றால் இந்தக் கணக்கு மாறும்.

அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கோகோபீட்டை 4 பங்காகக் கூட்டி, சிப்ஸை 2 பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். காற்றில் சாயும் உயரமான பால்கனிச் செடிக்குச் செம்மண்ணின் கனமே காவல்.

இரண்டாண்டு வாக்கில் கலவையைப் பிரித்துப் பாருங்கள். விரலால் நசுக்கினால் குழையும் துண்டுகள் போகட்டும். கெட்டியாக இருக்கும் சிப்ஸையும் கரியையும் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி சேர்க்கலாம், அழுகிய வேர் இருந்த தொட்டியைத் தவிர. சலித்து விழும் தூள் மொட்டைமாடிச் செம்மண்ணுக்குப் போகும். அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.