பெரம்பூரில் கோகோ கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்யும் கடை

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் சிறிய தெரு ஒன்றில் இருக்கும் இந்தக் கடைக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை சென்று வந்திருக்கிறேன். ஆயத்தக் கட்டிகளை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றி விற்பவர்கள் நகரில் பலர் உண்டு. கொட்டையை வறுப்பதிலிருந்து எல்லாவற்றையும் தாங்களே செய்யும் கடையை வடசென்னையில் நான் பார்ப்பது இதுவே முதல் முறை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவையே இவர்கள் வாங்குகிறார்கள். பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டைகளை மரப்பெட்டியில் சில நாட்கள் புளிக்க வைத்து, வெயிலில் காய வைப்பது வரை தோட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் புளிப்பு சரியாக அமையாவிட்டால் பிறகு எப்படி வறுத்தாலும் சாக்லேட்டின் மணம் கூடிவராது என்றார் கடைக்காரர். தோசை மாவோடு பழகிய நமக்கு அதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு கல் கிரைண்டரில் அரைபட்டுக்கொண்டிருந்தது. நாவில் துகள் தட்டாத பதம் வர அது இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாமல் ஓட வேண்டுமாம்.

முதலில் 70 சதவீதம் கோகோ உள்ள கருப்புச் சாக்லேட்டைச் சுவைக்கக் கொடுத்தார்கள். ஒடித்தபோது காய்ந்த சுள்ளி முறிவது போல 'டக்'கென்று ஓர் ஓசை. கடிக்காமல் நாக்கின் மேல் வைத்திருந்தேன். மெல்லிய பழப்புளிப்பு முதலில் எழுந்தது, பிறகு வறுத்த முந்திரியின் வாசனை, கசப்பு கடைசியில்தான் வந்து சிறிது நேரம் தங்கியது. அண்ணத்தில் மெழுகு போல் எதுவும் ஒட்டவில்லை. கோகோ கொட்டையின் கொழுப்பான கோகோ வெண்ணெய் உடல் சூட்டிலேயே முழுவதும் உருகிவிடும். அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்க்கும் மலிவான மிட்டாய்களில்தான் அந்தப் படலம் தங்குகிறது. 60 கிராம் கட்டிக்கு 280 ரூபாய் கொடுத்ததில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

உள்ளே பூரணம் வைத்த வகைகளில் சுக்கு கருப்பட்டிக்கு ஈடு எதுவுமில்லை. மெல்லிய சாக்லேட் ஓடு உடைந்ததும் கருப்பட்டிப் பாகின் கருகலான இனிப்பு பரவி, அது அடங்கும் நேரத்தில் சுக்கின் காரம் தொண்டையைத் தொடுகிறது. சாக்லேட் என்றாலே வேண்டாம் என்று ஒதுக்கும் என் அம்மா, "இன்னொண்ணு இருக்காப்பா?" என்று கேட்டார். கருப்பு எள்ளும் நன்று. மல்லிகை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பூவின் மணம் கோகோவை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. பால் சாக்லேட் வகைகள் சுமார்தான், இனிப்பும் சற்று அதிகம்.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை மதியம் இரண்டு மணிக்கு வாங்கியபோது வெறும் அட்டைப் பெட்டியில்தான் கொடுத்தார்கள். தண்டையார்பேட்டைக்கு ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் பூரணச் சாக்லேட்டுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கட்டியோ மறுநாள் வெண்மை பூத்துப் பளபளப்பை இழந்திருந்தது. சுவை கெடவில்லை என்றாலும், மூன்று நாள் அரைத்தவர்களின் உழைப்பு அரை மணி நேர வெயிலில் அப்படிப் போனது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. சென்னையில் சாக்லேட் விற்பவர்கள் ஐஸ் பொட்டலம் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. அதை அவர்களிடமே சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாம் முறை மாலை ஏழு மணிக்கு மேல் சென்று, வீட்டிலிருந்து கொண்டுபோன சூடு தாங்கும் பையில் வைத்து எடுத்து வந்தேன். வாங்கிய பன்னிரண்டு சாக்லேட்டுகளும் கடையில் பார்த்த அதே பளபளப்போடு வீடு வந்து சேர்ந்தன.