போடிமெட்டு ஏறும் பெட்ரோல் ஜீப்: சோலெக்ஸ் கார்பரேட்டரோடு பல வருட அனுபவம்

போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி, கேரளப் பக்கம் இருக்கும் பூப்பாறை ஏலத்தோட்டத்துக்கு உரமூட்டையும் ஆளும் ஏற்றிப்போக எங்களுக்கு இன்னும் பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப்தான். 2.2 லிட்டர் ஹரிகேன் இன்ஜின், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்ப ஒற்றை பேரல் (ஒரே காற்றுவழி) சோலெக்ஸ் கார்பரேட்டர். டீசல் இன்ஜினுக்கு மாற்றச் சொல்லாத ஆளில்லை. மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. சரியாக டியூன் செய்துவிட்டால் இந்த இன்ஜின் இழுக்கிற இழுவை மலைக்குப் போதும்.

ஐட்லிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்கவில்லை, மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது) வருகிறது என்றதும் பலரும் கழற்றுவது கார்பரேட்டரைத்தான். பூப்பாறையில் எங்கள் வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அதற்கு விடமாட்டார். “தம்பி, ஸ்க்ரூடிரைவரக் கீழ வை. மொதல்ல பாயிண்ட்டப் பாரு” என்பார். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடுப்பு. அதன் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம். இந்த இரண்டையும் சரிசெய்து, பாயிண்ட்டோடு சேர்ந்த கண்டென்சரையும் பார்த்தால் பாதித் தொந்தரவு அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது காற்றுக்கசிவு. இந்த இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு (கலவை உள்ளே போகும் வழி) இன்ஜின் ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. ஆகவே கசிவைத் தேடவேண்டிய இடங்கள் குறைவு: கார்பரேட்டர் அடி கேஸ்கெட், த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு), வாக்குவம் குழாய். ஐட்லிங்கில் ஷாஃப்ட் முனையில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுங்கள். அது உள்ளே இழுபட்டு இன்ஜின் சத்தம் மாறினால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. அதற்குப் புது புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) அடிக்காமல் ஐட்லிங் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் ஐட்லிங் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜெட் பற்றி, அதாவது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து, பெரிய மெயின் ஜெட் போடச் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். எடைக்கணக்கில் சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதனால் பழைய ஜெட்டில் கலவை ஏழெட்டு விழுக்காடு லீனாகிறது (பெட்ரோல் குறைகிறது). சோலெக்ஸ் ஜெட் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 125 இருந்த இடத்தில் 130 போட்டால் துளையின் பரப்பு 8 விழுக்காடு கூடிவிடும். ஆனால் போடிக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1000 மீட்டர். மேலே காற்று பத்து விழுக்காடு லேசு, கலவை தானாகவே ஐந்து விழுக்காடு ரிச்சாகும் (பெட்ரோல் கூடும்). எத்தனால் குறைத்ததில் பெரும்பகுதியை மலையே ஈடுகட்டிவிடுகிறது. வண்டிக்கு வேலை மேலேதான் என்றால் பழைய ஜெட்டைத் தொடவேண்டாம். பெரிய ஜெட் போட்டுப் பூப்பாறைக் குளிரில் ஓட்டினால் பிளக்கில் கரி அடையும்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி லோடோடு ஏறும்போது ஒரு சோதனை செய்யலாம். ஆக்சிலேட்டரை அப்படியே வைத்து, காற்றை மறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். இழுவை கூடினால் லீன், திணறினால் ரிச். எங்கள் வண்டி முந்தலில் கொஞ்சம் கூடும், மெட்டுக்குப் பக்கத்தில் திணறும். இதுதான் எனக்கு வேண்டிய நிலை. ஜெட்டை மாற்றியே ஆகவேண்டுமென்றால் எண் போட்ட ஜெட்டை வாங்குங்கள். கம்பி விட்டுத் துளையைப் பெருக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நடு மத்தியானம் கொண்டை ஊசி வளைவில் நின்றுபோய், ஆறியபின் ஸ்டார்ட் ஆனால் அது வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வரத்தை அடைப்பது. இந்த இன்ஜினில் பெட்ரோல் பம்ப்பும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டி, நடுவில் ஒரு தகடு வைத்தோம். அதோடு அந்தத் தொல்லை போனது.

எத்தனால் அதிகம் கெடுப்பது ரப்பரைத்தான். ஆக்சிலேட்டர் பம்ப் டயாஃப்ரம் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோல் தள்ளும் மெல்லிய ரப்பர் சவ்வு) விறைத்துப்போய், மிதித்ததும் ஒரு கணம் வண்டி அமுங்கியது. மலிவான ரிப்பேர் கிட்டில் வரும் டயாஃப்ரம் சீக்கிரமே இப்படி ஆகிறது. எத்தனால் தாங்கும் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அடைமழைக் காலத்தில் வண்டியை நிறுத்திவைப்பதானால் கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் அறையிலிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஒருமுறை திறந்தபோது அடியில் தண்ணீர் முத்துமுத்தாய் நின்றது, பித்தளை ஜெட்டைச் சுற்றி வெள்ளையாய்ப் பொடி பூத்திருந்தது.