சிறுவாணித் தண்ணீர்: குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்

கோவையில் வீடு தேடுகிறவர்கள் வாடகைக்கு அடுத்ததாகக் கேட்கிற கேள்வி, "சிறுவாணி வருதுங்களா?" என்பதுதான், அந்தக் கேள்வி நியாயமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது சிறுவாணி அணை. 1973இல் இரு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டிஎம்சி நமக்கு, அது மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, அடிவாரத்தில் சுத்திகரித்த பிறகுதான் குழாய்க்கு வருகிறது.

சுவைக்கு முழு மதிப்பெண். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று ஊரே சொல்லும், அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, ஆனால் போர் தண்ணீரில் வேக அடம்பிடிக்கிற துவரம்பருப்பு இதில் மசிய வேகும், டீ தெளிவாக இறங்கும், பாத்திரத்தில் உப்புப் படியாது. கேன் தண்ணீர் இதற்குப் பக்கத்திலேயே வராது.

குறை என்றால், தினமும் வராது. எங்கள் தெருவில் இடைவெளி நீண்டுகொண்டே போகும், எந்த நேரம் திறப்பார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிய வருடம் இன்னும் மோசம்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. நகரம் முழுக்க சிறுவாணி கிடையாது, பல பகுதிகளுக்குப் பவானி ஆற்றின் பில்லூர் அணைத் தண்ணீர்தான். அதுவும் நல்ல தண்ணீர்தான், குடிக்கலாம். ஆனாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டுவிடுங்கள், தொட்டியும் பெரிதாக இருக்கிறதா பாருங்கள்.