வட்டை வாங்காமல் துப்பும் டிவிடி ரைட்டர்: சில வருட உழைப்புக்குப் பிறகு

எழுதும் வேகத்திலும் படிக்கும் திறமையிலும் டெஸ்க்டாப் டிவிடி ரைட்டரைக் குறை சொல்ல முடியாது. கீறல் விழுந்த பழைய சிடியைக்கூட முக்கி முனகிப் படித்துவிடும். எரிச்சல் எல்லாம் அந்த ட்ரேயால்தான். உள்ளே போகும், ஒரு நொடி உறுமும், வட்டோடு அப்படியே திரும்பி வந்து நிற்கும்.

கேட்டவுடன் எல்லாரும் சொல்வது, வட்டைப் படிக்கும் "லென்ஸ் போச்சு". லென்ஸ் போயிருந்தால் ட்ரே ஒழுங்காக மூடும், வட்டும் சுற்றப் பார்க்கும். அதன் பிறகுதான் வட்டே இல்லை என்று சாதிக்கும். மூடாமலே துப்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டை.

அந்தப் பெல்ட் வழியாக ட்ரேயை இழுக்கும் அதே குட்டி மோட்டார்தான், கடைசிச் சில மில்லிமீட்டரில் வட்டைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலையும் லேசர் பகுதியையும் மேலே தூக்கி, மேலிருக்கும் காந்தக் கவ்வியோடு வட்டைச் சேர்த்துப் பிடிக்க வைக்கிறது. பளு ஏறுவது அங்கேதான். தொய்ந்த பெல்ட் வழுக்குவதும் அங்கேதான். மூடியதைச் சொல்லும் சுவிட்ச் அமுங்காததால், ஏதோ குறுக்கே நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு டிரைவ் ட்ரேயைத் திருப்பி அனுப்புகிறது.

மூடும்போது கடைசியில் விரலால் லேசாகத் தள்ளுங்கள். பிடித்துக்கொண்டால் பெல்ட்தான். இன்னொரு அடையாளமும் உண்டு: வட்டு உள்ளே இருந்தால் திறக்கும், காலியாக இருந்தால் அடம்பிடிக்கும். நடுவில் வட்டு இல்லாதபோது காந்தம் ஸ்பிண்டிலோடு நேராக ஒட்டிக்கொள்வதால் வரும் கூத்து அது. விண்டோஸை மறுபடி போடச் சொல்பவர்களுக்கு ஒரு சோதனை: டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் மட்டும் கொடுத்து எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். அப்போதும் அதே ஆட்டம் என்றால் சாஃப்ட்வேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பவரை நிறுத்தி, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை முன்பக்க ஊசித் துளையில் நேராகக் குத்தினால் ட்ரே கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுங்கள். ட்ரேயின் முன்பட்டையைக் கழற்றி, அடியில் நான்கு ஸ்க்ரூ எடுத்தால் தகடு வந்துவிடும். பெல்ட் பெரும்பாலும் முன்பக்கம், இரண்டு புல்லிகளுக்கு (பெல்ட் ஓடும் குட்டிச் சக்கரங்கள்) நடுவே இருக்கும். புதியது அதே தடிமனில், பழையதைவிடக் கொஞ்சம் சிறிய வளையமாக இருக்கட்டும்; ரொம்ப இறுக்கமானால் மோட்டார் திணறும். புல்லிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகு மாட்டுங்கள். விரல் எண்ணெய் பட்டால் புது பெல்ட்டும் வழுக்கும். பழையதைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் சுருங்கி வேலை செய்யும், ஆனால் அது நாள் கடத்தும் வித்தை.

லேப்டாப்பின் மெல்லிய டிரைவில் இந்தப் பெல்ட்டே கிடையாது. அதில் வட்டு நிற்காவிட்டால், நடுக் குமிழில் 'டக்' என்று அமரும்வரை அழுத்தவில்லை என்று அர்த்தம்.

பெல்ட் மாற்றியபின் ட்ரே வெண்ணெயாய் ஓடுகிறது. இருந்தாலும் அடுத்தது அந்த மெல்லிய ரகம்தான். டிவிடி எழுதுவதில் 24 மடங்கு வேகம் 8 மடங்காக இறங்கும், இறங்கட்டும்.