விழுங்கும் சோதனை: எக்ஸ்ரே வீடியோவா, மூக்கு வழி கேமராவா?

பக்கவாதம் வந்தவர் தண்ணீர் குடித்ததும் இருமினால், புரையேறிவிட்டது என்று தலையைத் தட்டுவோம். இருமலே வராமல் தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்குவதும் உண்டு. ஆபத்து அதில்தான் அதிகம். நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். வெளியிலிருந்து பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பேச்சோடு விழுங்குவதையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், எக்ஸ்ரே வீடியோ, மூக்கு வழி கேமரா இந்த இரண்டில் ஒன்றைப் பரிந்துரைப்பார்.

எக்ஸ்ரே வீடியோவில், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் கலந்த நீரையும் உணவையும் விழுங்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். மெல்லுவது முதல் உணவுக்குழாயின் மேல்வாய் திறப்பது வரை எல்லாம் தெரியும். தாடையைத் தாழ்த்தி விழுங்கினால் பயன் இருக்கிறதா என்று அங்கேயே சோதித்துவிடலாம். ஆனால் கதிர்வீச்சு இருப்பதால் சில நிமிடங்களில் முடித்தாக வேண்டும். பேரியத்தின் சுவையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கேமரா முறையை 1988இல் அமெரிக்க ஸ்பீச் தெரபிஸ்ட் சூசன் லாங்மோர் குழுவினர் விவரித்தார்கள். மெல்லிய குழாயை மூக்கு வழியாகத் தொண்டைவரை விடுவார்கள். ஐசியூ படுக்கையிலேயே செய்யலாம், இட்லி, ரசம் சாதம் என்று வழக்கமான சாப்பாட்டையே கொடுத்துப் பார்க்கலாம். எச்சில் தேங்குவதும் குரல்நாண் அசைவதும் நேரடியாகத் தெரியும். ஒரே சங்கடம், விழுங்கும் அந்த நொடியில் தொண்டை சுருங்கித் திரை வெளுத்துவிடும். முன்னும் பின்னும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

படுக்கையை விட்டு நகர்த்த முடியாதவர் என்றால் என் ஓட்டு கேமராவுக்கே. வாய்க்குள்ளேயே சிக்கல் என்று தோன்றினாலோ, மூக்கில் அடிபட்டிருந்தாலோ எக்ஸ்ரே அறைக்குப் போவதுதான் சரி.