எக்ஸ்சேஞ்சில் தள்ளாமல் எஞ்சின் மாற்றினேன்: பட்டறை எப்படி?

எஞ்சின் மாற்றித் தந்த பட்டறைக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே போனது என்று பின்னால் சொல்கிறேன். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வேறு எடுக்காமல் இவர்களிடம் ஏன் போனேன் என்பது முதலில்.

என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. அடுத்த ஆயில் மாற்றுவதற்குள் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு அடிமட்டத்துக்கு வந்துவிடும். மேட்டில் இழுவையே இல்லை. வேறு இடங்களில் சத்தத்தைக் கேட்டவுடனேயே "எஞ்சின் போச்சு சார்" என்றார்கள். இங்கே மெக்கானிக் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளக்கும் கருவி, வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரில் 160 பிஎஸ்ஐயை ஒட்டி நின்றது. ஒன்று மட்டும் 90ஐத் தாண்டவில்லை. அந்த ஓட்டைக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். முள் 130க்கு ஏறியது. இப்படி ஏறினால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். ஏறாமல் அங்கேயே நின்றிருந்தால் வால்வையோ, ஹெட் எனப்படும் எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டையோ சந்தேகப்பட வேண்டும். அப்படியென்றால் ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்தால் போதும், எஞ்சின் மாற்றும் பேச்சே எழாது. இந்தச் சோதனை செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்லும் பட்டறையில் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் ஷோரூமிலும் விசாரித்தேன். மதிப்பீட்டாளர் புகையைப் பார்த்தார், பானெட்டை மூடினார், காயலான் கடை விலைக்குச் சற்று மேலே ஒரு தொகை சொன்னார். அவர் பக்கத்தில் அது நியாயம்தான். எஞ்சின் வேலைக்கான முழுச் செலவையும், தெரியாத கோளாறுக்கு ஒரு தொகையையும் கழித்துத்தானே அவர் விலை போட முடியும்?

ரிப்பேர் செலவு வண்டியின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. எஞ்சினுக்குப் போடும் பணம் விற்கும்போது திரும்பாது என்பது உண்மை. சீக்கிரம் விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனால் நான் இதை இன்னும் பல வருஷம் ஓட்டப் போகிறேன். அதே தொகைக்குக் கிடைக்கும் இன்னொரு பழைய வண்டியின் எஞ்சின் எந்த நிலையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியை லிஃப்டில் ஏற்றி மற்றதையெல்லாம் பார்க்கச் சொன்னேன். அடித்தளத்தில் துரு இல்லை, கியர்பாக்ஸ் சுத்தம், சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் மட்டும் தேய்மானம். துரு அரித்திருந்தாலோ கியர் வழுக்கியிருந்தாலோ அன்றைக்கே ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

மூன்று வழி சொன்னார்கள். விபத்து வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின்: மலிவு, ஆனால் பூர்வீகம் தெரியாது. என் எஞ்சினையே போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), பெரிய அளவு பிஸ்டன் போடுவது: லேத்காரர் கையைப் பொறுத்தது. மூன்றாவது, தொழிற்சாலையில் புதுப்பித்த லாங் பிளாக், அதாவது ஹெட்டோடு சேர்ந்தது. பழைய எஞ்சினை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விலை அதிகம், உத்தரவாதம் உண்டு. அதையே எடுத்தேன்.

வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாம், பிறகு அதற்கென்று கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுக்க வேண்டாம் என்று அவர்களாகவே சொன்னார்கள். ரேடியேட்டரையும் அலசினார்கள்.

போன ஒரு மதிப்பெண் பேச்சில்தான். சொன்ன தேதி தள்ளிப்போனது, ஒரு போன்கூட இல்லை. உத்தரவாதம் பாகத்துக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்று நான் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சினில் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத் தகடு அளவுக்கு மீறிச் சூடானால் உருகும், உருகியிருந்தால் உத்தரவாதம் செல்லாது. இதையும் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருந்தால் அதை மாற்ற வேண்டும் என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம், எஞ்சினைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் மவுன்ட்டில் ஒன்றைப் பழையதாகவே விட்டிருந்தார்கள். ஐடிலில் ஸ்டியரிங் அதிர்ந்தது. திரும்பக் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல், கூலி வாங்காமல் மாற்றினார்கள்.

முதல் 1,000 கிலோமீட்டர் ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல், ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டினேன். அது முடிந்ததும் ஆயில் மாற்றியாயிற்று. நீலப் புகை இல்லை, டிப்ஸ்டிக் அளவு நின்ற இடத்திலேயே நிற்கிறது, மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. மைலேஜ் கூடும் என்று எதிர்பார்த்தேன், பெரிதாகக் கூடவில்லை. வால்வு கவர் ஓரத்தில் லேசாக ஆயில் கசிவது போலத் தெரிகிறது. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது உத்தரவாதத் தாளையும் எடுத்துக்கொண்டு போவேன்.