மேடையில் தப்பு, சத்தம் பென்டிரைவில்: ‘நாட்டார் இசை இரவு’ டிக்கட் வாங்கப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில், ஒரு ஹோட்டல் புல்வெளியில் அண்மையில் ஒரு ‘நாட்டார் இசை இரவு’ நடந்தது. டிக்கட் முன்வரிசைக்கு 3500 ரூபா, பின்னால் 2000. போஸ்டரில் போட்டிருந்தது: 12 பேர் கொண்ட லைவ் பேண்ட், தப்பு (பறை), உறுமி, உடுக்கு, புல்லாங்குழல், ‘முழுமையான காமன் கூத்து’, இரவுச் சாப்பாடு, மாலை 6.30 முதல் 10 மணி வரை. நடந்ததோ 8.10க்குத் தொடங்கி 9.40க்கு முடிந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்திலும் 35 நிமிடத்தை அனுசரணையாளர் பேச்சும் அதிர்ஷ்டக் குலுக்கலும் விழுங்கிவிட்டன. தப்பு உண்மையில் அடிபட்டது ஒரு கால் மணி நேரம். மீதி முழுக்க ட்ராக், அதாவது முன்பே பதிந்துவைத்த பாட்டு.

ஏற்பாட்டாளர் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த போஸ்டரில் அந்தப் பெயர் மாறிவிடும், வித்தை மாறாது. அதனால் வித்தையைத்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ட்ராக் ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய இசை ஞானம் தேவையில்லை. முதலில் வாத்தியத்துக்கு முன்னால் மைக் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு உறுமிக்காரருக்கு முன்னால் மைக்கே கிடையாது, உறுமல் மட்டும் இரண்டு பக்கப் பெட்டிகளிலும் கணீரென்று வந்தது. இரண்டாவது, வேகம். தப்புச் செட் ஒன்று உயிரோடு அடிக்கும்போது வேகம் ஒரே இடத்தில் நிற்காது. முன்னால் நிற்பவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏற்றிக்கொண்டே போவார்கள், ஆடுகிறவரின் காலைப் பார்த்து இறக்குவார்கள். ட்ராக்கோ தொடங்கிய வேகத்திலேயே முடியும். மூன்றாவது, முடிவு. நேரடியாக அடிக்கிற அடி ஒரு முத்தாய்ப்போடு வெட்டி நிற்கும். சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தால் அது ஸ்டூடியோவில் செய்த வேலை. அன்றைக்கு நான்கு பாட்டு அப்படித்தான் தேய்ந்து முடிந்தது. பாடகி மைக்கை இடுப்புக்கு இறக்கிக் கூட்டத்துக்குக் கை காட்டிய பிறகும் இரண்டு வரி பாட்டு தொடர்ந்து வந்தது. அதற்கும் கைதட்டல் விழுந்தது என்பது வேறு கதை.

அந்தக் கால் மணி நேரத் தப்பும் ஏன் எடுபடவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காய்ச்சாத தப்பு தப்பே அல்ல. மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல் ஈரக் காற்றைக் குடித்தால் தளர்ந்துவிடும். மலையில் வெயில் இறங்கிப் பனி மூடத் தொடங்கினால் அரை மணி நேரம் போதும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகும், நாதம் ஏறும். வைக்கோலோ காய்ந்த சருகோ பழைய பத்திரிகையோ போட்டு எரித்து, தோலை நெருப்புக்கு நேரே நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘டண்’ என்று கேட்டால் போதும். அதற்கு மேலும் காட்டினால் தோல் வெடிக்கும், அல்லது ஓரத்தில் ஒட்டு விடும். குளிர் இரவில் இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை மறுபடி காட்ட வேண்டும். எனவே ஒரு செட் அடித்துக்கொண்டிருக்கும்போது இன்னும் இரண்டு தப்பு நெருப்போரம் இருக்க வேண்டும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஹோட்டலில் புல்லில் நெருப்பு மூட்டக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அதுவும் கலைஞர்கள் வந்திறங்கிய பிறகுதான் சொன்னார்கள். ஏற்பாட்டாளருக்கு அது முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டிய விஷயம் என்றே தெரிந்திருக்கவில்லை. ஒரு பழைய தகர வாளியில் கரி போட்டு மேடைக்குப் பின்னால் வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். விளைவு, நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டினது போல ‘தொப் தொப்’ என்று ஒரு சத்தம். மெல்லிய சிண்டுக்குச்சியின் வெட்டு ஒன்றுகூடக் காதில் விழவில்லை, தடித்த அடிகுச்சியின் மந்தமான குத்து மட்டும். பக்கத்தில் இருந்த ஒருவர் “இவங்களுக்கு அடிக்கத் தெரியல” என்றார். அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இப்போது பலர் வைத்திருக்கிற பைபர் தப்புக்கு (தோலுக்குப் பதில் செயற்கைத் தகடு போட்டது) நெருப்பு வேண்டாம், பனியிலும் இறங்காது. நாதம் கொஞ்சம் கூர்மையாக, தகரம் கலந்த மாதிரி இருக்கும். அதைக் கொண்டுவந்தால் ஏமாற்று இல்லை. ஆனால் போஸ்டரில் ‘பாரம்பரியத் தோல் தப்பு’ என்று போட்டுப் பணம் வாங்கக்கூடாது.

சவுண்டிலும் இதே அலட்சியம்தான். இப்படி ஒரு குழுவுக்குக் குறைந்தது 9 மைக் வேண்டும்: பாடகர் மூவருக்கு 3, தப்பு வரிசைக்குச் சற்றுத் தள்ளி உயரத்தில் 2, உறுமியின் இரு முகங்களுக்கும் 2, உடுக்குக்கு 1, குழலுக்கு 1. அன்றைக்கு இருந்தது சின்ன மிக்சர். ‘12 சேனல்’ என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தாலும் அந்த அளவுப் பெட்டிகளில் மைக் செருகும் துளை பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான், மற்றவை கீபோர்டுக்கும் பாட்டுப் பெட்டிக்குமானவை. பாடகருக்கு முன்னால் மானிட்டர் பெட்டி இல்லை. பின்னால் தப்பு அதிர, தன் குரல் தனக்கே கேட்காத பாடகர் சுருதியை விட்டார். மைக்கைக் கூட்டினால் ‘கூ’ என்று ஊளையிட்டது. இரண்டாவது பாட்டோடு சவுண்ட்காரர் பென்டிரைவைச் செருகிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மணி நேரமாவது பிடிக்கும் சவுண்ட் செக்குக்கு அவருக்குக் கிடைத்தது 20 நிமிடம்.

‘முழுமையான காமன் கூத்து’ என்று போட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய். அது மாசியில் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதம் இருந்து, பல இரவுகள் ஆடி, காமனை எரிப்பதோடு முடிகிற காரியம். ரதி, மதன், வீரபத்திரன் வேஷம் கட்டுகிறவர்கள் அதை ஒரு நேர்த்திக்கடனாக எடுத்துச் செய்கிறார்கள். மேடைக்காக ரதி மதன் ஆட்டத்தில் ஒரு துண்டை எடுத்து 20 நிமிடம் ஆடலாம், நல்ல குழுக்கள் ஆடவும் செய்கின்றன. அதைத் ‘துண்டு’ என்றே சொல்லி விற்க வேண்டும். மாசி அல்லாத மாதத்தில், ஹோட்டல் புல்வெளியில், பஃபேக்கு முன்னால் முழுக் கூத்து என்று எவராவது விற்றால் அந்த இடத்திலேயே பணப்பையை மூடிவிடலாம். அன்றைக்கு ஆடியது ஆறு நிமிடம், அதுவும் சினிமாப் பாட்டு மெட்டுக்கு.

கலைஞர்களுக்கு நடந்தது இன்னும் மோசம். தப்புச் செட்டை ஒரு தோட்டத்திலிருந்து மதியமே வேனில் ஏற்றி வந்து, போஸ்டருக்கும் வீடியோவுக்கும் நிற்கவைத்து, இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் மேடையேற்றியிருக்கிறார்கள். சாப்பாடு கடைசிப் பந்தி. பேசிய காசில் பாதி கையில், மீதி ‘அடுத்த கிழமை’. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதைக் குறித்த ‘மலையகம் 200’ நினைவு நிகழ்ச்சிகள் வந்த பிறகு தப்புக்கு வெளியே மவுசு கூடியிருக்கிறது. அந்த மவுசின் காசு, தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்திலும் கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அதைக் காப்பாற்றி வைத்த கைகளுக்குப் போவதில்லை.

அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளருக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்புங்கள். எந்தக் குழு, எத்தனை பேர், யார் எதை வாசிக்கிறார்கள்? வாசிப்பு எத்தனை நிமிடம் முழு லைவ், எத்தனை ட்ராக்? தப்புக் காய்ச்ச இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். உண்மையான ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டே விவரம் சொல்வார், மற்றவர் ‘எல்லாம் சூப்பரா இருக்கும் அண்ணா’ என்பார். குழுவின் பெயர் கிடைத்தால் குழுவுக்கே போன் செய்து அந்தத் தேதியில் நிகழ்ச்சி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். போஸ்டரில் தங்கள் படம் இருப்பதே தெரியாத குழுக்களும் உண்டு.

டிக்கட்டைப் புரட்டிப் பாருங்கள். பணம் வாங்கி நடத்தும் களியாட்டத்துக்கு உள்ளூராட்சி சபைக்கு வரி கட்ட வேண்டும், டிக்கட்டில் நகர சபை அல்லது பிரதேச சபை முத்திரை இருக்கும். வெறும் கலர்ப் பிரிண்டில் வரிசை எண்கூட இல்லையென்றால் யோசியுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், அதில் நேரமும் குறித்திருக்கும். ‘விடிய விடிய’ என்று விளம்பரம் செய்கிறவரிடம் அந்த நேரத்தைக் கேளுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் மது விற்க முடியாது. போயா இரவுக்கு ‘டின்னர், ட்ரிங்ஸ் உட்பட’ என்று டிக்கட் விற்கிறவர் கலண்டர் பார்க்காதவர், அல்லது நீங்கள் பார்க்கமாட்டீர்கள் என்று நம்புகிறவர். பணத்தைத் தனியாள் கணக்கில் போடச் சொன்னால் மறுத்துவிட்டு, வாசலில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

திறந்தவெளி என்றால் மழையையும் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டும். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும், அங்கே மழை வருட முடிவில்தான். கூரை இல்லாத ஜூலை மாத நிகழ்ச்சிக்கு ‘மழை பெய்தாலும் பணம் திரும்பாது’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது உங்களுக்குத்தான் எழுதியது. தோட்டப் பாதைகளில் இரவு பஸ் இருக்காது, அதனால் திரும்பிப் போக ஆட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஏற்கெனவே பணம் போனவர்கள் போஸ்டரின் ஸ்கிரீன்ஷொட், டிக்கட், வங்கி ஸ்லிப், அன்றைய வீடியோ நான்கையும் சேர்த்து, முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, அழைப்பு எண் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும், வெறும் போன் பேச்சு போதாது. ‘நிகழ்ச்சி நன்றாக இல்லை’ என்று எழுதாதீர்கள், அது ரசனை என்று ஒதுக்கிவிடலாம். ‘12 பேர் லைவ் என்று விளம்பரம், மேடையில் 7 பேர், மூன்றரை மணி நேரம் என்று சொல்லி ஒன்றரை’ என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நிகழ்ச்சியே நடக்காமல் பணம் மட்டும் போயிருந்தால் பக்கத்துப் பொலிஸிலும் ஒரு முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.